திறமூலக் கம்ப்ரஷன் கருவிகள்: நிரலாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இங்கே பேசுவது இழப்பில்லாச் சுருக்கம் பற்றி மட்டும். விரித்தால் ஒரு பிட்கூட மாறாமல் அசல் அப்படியே திரும்ப வரவேண்டும். படம், பாட்டு, வீடியோவைச் சுருக்குவது வேறு கதை. கேள்விகள் பெரும்பாலும் சர்வர், லாக், பேக்கப், ஏபிஐ என்று தினமும் மல்லாடுகிறவர்கள் கேட்பவை.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். இன்றைக்குப் புதிதாக ஒரு புராஜெக்ட் தொடங்கினால் எதைப் போடலாம்?

ஜீஸ்டாண்டர்ட். கட்டளை வரியில் இசட்எஸ்டிடி என்ற பெயரில் இருப்பது அதுதான். சுருக்குவதும் விரிப்பதும் இரண்டுமே உங்கள் நிரல்தான் என்றால் அதிகம் யோசிக்கவே வேண்டாம். ஃபைல் வெளியாருக்குப் போகிறது, அவர்களிடம் என்ன இருக்கும் என்று தெரியாது என்றால் ஜிஜிப். வாங்குகிறவர் விண்டோஸில் டபுள் கிளிக் செய்து திறக்கப்போகிற ஆள் என்றால் ஜிப். பத்தில் ஒன்பது வேலை இந்த மூன்றிலேயே முடிந்துவிடும்.

மீதியுள்ள ஒன்றுக்கு முதலில் ஒரு கணக்குப் போடுங்கள்: ஒரு ஃபைலை எத்தனை தடவை சுருக்குவீர்கள், எத்தனை தடவை விரிப்பீர்கள்? மென்பொருள் பேக்கேஜ் என்றால் ஒரு தடவை சுருக்கி லட்சம் பேர் விரிப்பார்கள். அங்கே சுருக்க அரைமணி நேரம் ஆனாலும் பரவாயில்லை, விரிப்பது வேகமாக இருக்கவேண்டும். லாக் ஃபைல் நேர் எதிர்: தினமும் சுருக்குகிறோம், பெரும்பாலானவற்றை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. நெட்வொர்க்கில் போகும் செய்திக்கு ஒன்றுக்கு ஒன்று. இந்த விகிதத்தைச் சொல்லாமல் ‘எது பெஸ்ட்’ என்று கேட்டால் யாராலும் பதில் சொல்லமுடியாது.

உள்ளே என்னதான் நடக்கிறது?

இரண்டு வேலை. முதல் வேலை, திரும்ப வருவதைக் கண்டுபிடிப்பது. ‘வந்தான் போனான் வந்தான்’ என்று ஒரு வரி இருக்கிறது என்று வையுங்கள். யுடிஎஃப்-8இல் ‘வந்தான்’ 21 பைட். இரண்டாவது ‘வந்தான்’ வரும்போது அந்த 21 பைட்டையும் திரும்ப எழுதாமல் ‘41 பைட் பின்னே போ, அங்கிருந்து 21 பைட் எடு’ என்று ஒரு குறிப்பு மட்டும் எழுதினால் போதும். யாகோவ் சிவ், ஆபிரகாம் லெம்பெல் என்ற இரண்டு இஸ்ரேலியப் பேராசிரியர்கள் 1977இல் வெளியிட்ட யோசனை இது. எல்இசட்77 என்ற பெயரில் இருப்பது அவர்களுடைய முதலெழுத்துகளும் ஆண்டும்தான்.

இரண்டாவது வேலை, அடிக்கடி வருவதற்குக் குறைந்த பிட், எப்போதாவது வருவதற்கு அதிக பிட் என்று பிரித்துக்கொடுப்பது. 1952இல் டேவிட் ஹஃப்மன் சொன்ன வழி இன்றும் ஓடுகிறது. போலந்தைச் சேர்ந்த யாரெக் டூடா கொண்டுவந்த ஏஎன்எஸ் முறை அதற்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஜீஸ்டாண்டர்ட் இரண்டையும் பயன்படுத்துகிறது.

மற்ற வித்தியாசமெல்லாம் எவ்வளவு தூரம் பின்னே பார்ப்பது, எவ்வளவு முக்கித் தேடுவது என்பதில்தான். ஜிஜிப் 32 கேபிக்கு மேல் பின்னே பார்க்காது. எக்ஸ்இசட் என்ற கருவி 9ஆம் லெவலில் (எவ்வளவு முக்கவேண்டும் என்று நாம் கொடுக்கும் எண்தான் லெவல்) 64 எம்பி வரை பார்க்கும். ஜீஸ்டாண்டர்டின் ‘லாங்’ மோடில் சும்மா விட்டால் 128 எம்பி. விரிக்கும்போது தேடலே கிடையாது, சொன்ன இடத்திலிருந்து காப்பி எடுப்பதோடு சரி. அதனால்தான் எல்லாக் கருவியிலும் விரிப்பது சுருக்குவதைவிட வேகமாக நடக்கிறது.

ஜிப், ஜிஜிப், ஜீலிப், டிஃபிளேட். நாலும் ஒன்றா, வேறு வேறா?

குழப்பத்துக்கெல்லாம் தலையாய குழப்பம் இது. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

டிஃபிளேட் என்பது சுருக்கும் முறை. பில் காட்ஸ் தன் பிகேஜிப் மென்பொருளின் இரண்டாம் பதிப்புக்காக உருவாக்கியது, வெளிவந்தது 1993இல். மற்ற மூன்றும் அந்த ஒரே டிஃபிளேட் ஓடையின் (சுருங்கிய பைட்டுகளின் தொடர்) மேல் போட்ட வேறு வேறு உறைகள். ஜீலிப் உறையில் முன்னால் 2 பைட், பின்னால் ஆட்லர்-32 என்ற 4 பைட் சரிபார்ப்பு எண். ஜிஜிப் உறையில் முன்னால் குறைந்தது 10 பைட் (அசல் ஃபைல் பெயரும் நேரமும் அதிலேயே வரலாம்), பின்னால் சிஆர்சி-32 என்ற சரிபார்ப்பு எண்ணும் அசல் அளவுமாக 8 பைட். ஜிப் என்பது பல ஃபைல்களை உள்ளே வைத்துக் கடைசியில் ஒரு பட்டியலும் சேர்க்கும் பெட்டி. ஜீலிப் என்பது உறையின் பெயர் மட்டுமல்ல, இதையெல்லாம் செய்கிற சி லைப்ரரியின் பெயரும் அதுதான். பாதிக் குழப்பம் அங்கேயே பிறக்கிறது. 1996 மே மாதம் ஆர்எஃப்சி எனப்படும் இணைய ஆவண வரிசையில் 1950, 1951, 1952 என மூன்று ஆவணங்கள் வந்தன: ஜீலிப், டிஃபிளேட், ஜிஜிப்.

ஒரு உறையில் வந்ததை வேறு உறை என்று நினைத்துத் திறந்தால்தான் ‘ஹெடர் செக் சரியில்லை’ என்ற அந்தப் பிழை வரும். டேட்டா கெட்டுப்போய்விட்டது என்று பதறவேண்டாம், முதலில் ‘விண்டோ பிட்ஸ்’ என்ற அளவுருவைப் பாருங்கள். 15 கொடுத்தால் ஜீலிப் உறை, மைனஸ் 15 கொடுத்தால் உறையே இல்லாத டிஃபிளேட், 31 கொடுத்தால் ஜிஜிப். 47 கொடுத்தால் விரிக்கும்போது ஜீலிப்பா ஜிஜிப்பா என்று அதுவே பார்த்துக்கொள்ளும். பைத்தானிலும் இதே எண்கள்தான்.

கையில் இருப்பது என்னவென்றே தெரியாவிட்டால் முதல் சில பைட்டுகளை எண்ணாக அச்சிட்டுப் பாருங்கள். 31, 139 என்று தொடங்கினால் ஜிஜிப். 120 என்று தொடங்கினால் அநேகமாக ஜீலிப். 80, 75 என்றால் ஜிப், அவை பில் காட்ஸின் பெயரின் முதலெழுத்துகள். 66, 90, 104 என்றால் பிஜிப்2 என்ற பழைய கருவி. 40, 181, 47, 253 என்றால் ஜீஸ்டாண்டர்ட். 253, 55 என்றால் எக்ஸ்இசட். ஃபைல் பெயரின் வாலை நம்புவதைவிட இது எவ்வளவோ மேல்.

எச்டிடிபியில் ‘டிஃபிளேட்’ என்று ஒரு வகை உண்டு. தரப்படி அது ஜீலிப் உறையோடு வரவேண்டும், ஆனால் உறையில்லாமல் அனுப்பியவர்களும் இருந்தார்கள். அந்தச் சண்டையில் யாரும் மாட்டவேண்டாம் என்றுதான் ஊரே ஜிஜிப்புக்குப் போய்விட்டது.

ஜிஜிப் எப்படி இவ்வளவு இடத்தில் வேரூன்றியது?

காப்புரிமைப் பயத்தால். யூனிக்ஸில் அதற்கு முன் இருந்த ‘கம்ப்ரஸ்’ கட்டளை எல்இசட்டபிள்யூ முறையில் ஓடியது. அதன் காப்புரிமை யூனிசிஸ் நிறுவனத்திடம் இருந்தது. அதற்கு மாற்றாக ஜான்-லூ கெய்லியும் மார்க் ஆட்லரும் 1992இல் ஜிஜிப்பை வெளியிட்டார்கள். 1994 கடைசியில் யூனிசிஸ் ஜிஃப் படங்களுக்கும் உரிமக் கட்டணம் கேட்கத் தொடங்கியது. ஜிஃபும் எல்இசட்டபிள்யூதான். அந்த ரகளையில் பிறந்தது பிஎன்ஜி என்ற பட வடிவம். அதற்காகவே கெய்லியும் ஆட்லரும் லைப்ரரியாகப் பிரித்துக் கொடுத்ததுதான் ஜீலிப். அமெரிக்கக் காப்புரிமை 2003 ஜூனில் காலாவதியானது. அதற்குள் ஜிஜிப் எல்லா இடத்துக்கும் போய்விட்டது.

ஜீஸ்டாண்டர்ட் அப்படி எதில் உசத்தி?

எல்இசட்4 என்ற அதிவேகக் கருவியை எழுதிய யான் கோலேயின் கைவரிசை இதுவும். ஃபேஸ்புக் 2016 ஆகஸ்டில் 1.0 பதிப்பை வெளியிட்டது. சைலீசியா என்ற பொதுச் சோதனைத் தொகுப்பை வைத்து அவர்களே கொடுக்கும் அட்டவணையில் 1ஆம் லெவல் ஜீஸ்டாண்டர்ட் சுமார் 2.88 மடங்கு சுருக்குகிறது. 1ஆம் லெவல் ஜீலிப் 2.74 மடங்கு. அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் சுருக்கும் வேகம் சுமார் ஐந்து மடங்கு, விரிக்கும் வேகம் சுமார் நாலு மடங்கு. தயாரித்தவர்களே தந்த எண் என்று கொஞ்சம் கழித்துக்கொண்டாலும் இடைவெளி பெரிதுதான்.

எனக்குப் பிடித்தது வேறொன்று. லெவலை ஏற்றினாலும் விரிக்கும் வேகம் பெரிதாக இறங்காது. 19இல் சுருக்கியதும் ஏறக்குறைய 3இல் சுருக்கியது போலவே விரிகிறது. மேலே சொன்ன ‘ஒரு தடவை சுருக்கு, லட்சம் தடவை விரி’ கணக்குக்கு இதைவிடப் பொருத்தம் இல்லை. ஆர்ச் லினக்ஸ் தன் பேக்கேஜ்களை எக்ஸ்இசட்டிலிருந்து இதற்கு மாற்றி 2020 ஜனவரியில் அறிவித்தபோது சொன்ன கணக்கு: மொத்த அளவு 0.8 சதவீதம் கூடியது, விரிக்கும் வேகம் 1300 சதவீதம் உயர்ந்தது. அரை கிராம் கூடினாலும் முகம் சுளிக்கும் கூட்டம் அது. அவர்களே மாறினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

லினக்ஸ் கெர்னலில் 4.14 பதிப்பிலிருந்து ஜீஸ்டாண்டர்ட் இருக்கிறது. குரோம் 123இலிருந்து வெப் பக்கங்களுக்கும் ஏற்கிறது. பைத்தான் 3.14இல் தனியாக எதுவும் நிறுவாமலேயே கிடைக்கிறது. வடிவத்தின் வரையறை ஆர்எஃப்சி 8878.

எந்த லெவல் வைப்பது? கண்ணை மூடிக்கொண்டு உச்சத்தில் வைத்தால் என்ன?

காசும் நேரமும் போகும், அளவு அதே விகிதத்தில் குறையாது. ஜிஜிப்பில் 6 சும்மா விட்டால் வருவது; 9க்குப் போனால் நேரம் கூடுவது தெரியும், ஃபைல் குறைவது பெரும்பாலும் தெரியாது. ஜீஸ்டாண்டர்ட் சும்மா விட்டால் 3. 19 வரை நேராகப் போகலாம், 20 முதல் 22 வரை ‘அல்ட்ரா’ என்று தனியாகச் சொன்னால்தான் விடும். வேகம் மட்டுமே வேண்டும் என்பவர்களுக்கு மைனஸ் லெவல்களும் உண்டு.

எக்ஸ்இசட்டில் ஒரு சூட்சுமம். 6க்கும் 9க்கும் இருக்கும் முக்கிய வேறுபாடு எவ்வளவு தூரம் பின்னே பார்ப்பது என்பதுதான்: 6இல் 8 எம்பி, 9இல் 64 எம்பி. ஆகவே 5 எம்பி ஃபைலை 9இல் சுருக்குவதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. நினைவகம்தான் வீண், சுருக்க 674 எம்பி கேட்கும். விரிக்கிறவரிடமும் 65 எம்பி கேட்கும், சின்ன ரௌட்டரில் இதுவே பிரச்சினை.

வெப் பக்கங்களுக்குப் பயன்படும் பிராட்லி என்ற கருவியில் வேறொரு பொறி: சும்மா விட்டால் உச்சமான 11. நோட் ஜேஎஸ்ஸில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் அப்படியே ஓடவிட்டால் சர்வர் மூச்சு வாங்கும். உடனுக்குடன் சுருக்குவதற்கு 4 அல்லது 5 போதும்.

எல்இசட்4, ஸ்னாப்பி எல்லாம் எங்கே பயன்படுகின்றன?

சுருக்குவது நடக்கிறது என்றே தெரியக்கூடாத இடங்களில். இரண்டிலும் ஹஃப்மன் போன்ற இரண்டாவது வேலையே இல்லை, அதனால் சுருக்கம் 2.1 மடங்கு அளவில் நின்றுவிடும். ஆனால் எல்இசட்4 விரிக்கும் வேகம் நொடிக்குப் பல ஜிபி. இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்திலும் கெர்னலிலும் இருக்கிறது. போஸ்ட்கிரஸ் 14இலிருந்து பெரிய மதிப்புகளைச் சேமிக்க இதைத் தேர்ந்தெடுக்கலாம். ஸ்னாப்பி கூகுள் 2011இல் வெளியே விட்டது. பார்க்கே என்ற டேட்டா வடிவத்து ஃபைல்களில் இன்னும் நிறையப் பார்க்கலாம். புதிதாக எழுதும் நிரலுக்கு ஸ்னாப்பியைத் தேடிப்போகக் காரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

பிஜிப்2 செத்துவிட்டதா?

புதிதாகச் சுருக்க வேண்டியதில்லை. படிக்கத் தெரிந்திருக்கவேண்டும். தமிழ் விக்கிப்பீடியாவின் முழு டம்ப் எடுத்தவர்களுக்குத் தெரியும், அது இன்னும் பிஜிப்2இல்தான் வருகிறது. ‘மல்டிஸ்ட்ரீம்’ என்று ஒரு வகை உண்டு; கூடவே வரும் அட்டவணையை வைத்து முழுவதையும் விரிக்காமல் வேண்டிய கட்டுரை இருக்கும் துண்டை மட்டும் விரிக்கலாம். ஜூலியன் சீவர்ட் 1996இல் எழுதியது. நினைவகப் பிழைகளைத் தேடும் வால்கிரைண்ட் கருவியை எழுதியவரும் அவரே.

எக்ஸ்இசட்டில் பின்வாசல் வைத்தார்களே, இனி அதை நம்பலாமா?

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற போஸ்ட்கிரஸ் நிரலாளர் ஒரு தகவலை வெளியிட்டார். டெபியன் லினக்ஸின் இன்னும் நிலைப்படாத ‘சிட்’ பதிப்பில் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) லாகின் வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாகிறது, சிபியுவும் அதிகம் தின்கிறது என்று துருவிப் போனவர், எக்ஸ்இசட் 5.6.0, 5.6.1 பதிப்புகளின் உள்ளே பின்வாசல் இருப்பதைக் கண்டுபிடித்திருந்தார்.

இதில் எஸ்எஸ்எச் எங்கே வந்தது? அசல் எஸ்எஸ்எச் சர்வருக்கும் எக்ஸ்இசட்டுக்கும் சம்பந்தம் கிடையாது. சில லினக்ஸ் வெளியீடுகள் அதைச் சிஸ்டம்டியோடு (லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் மென்பொருள்) பேசவைக்க ஒட்டுப் போட்டிருந்தன; சிஸ்டம்டி லைப்ரரி கூடவே எக்ஸ்இசட்டின் லைப்ரரியையும் இழுத்துவந்தது. அந்தச் சந்து வழியாகத்தான் நுழைந்தார்கள். தீய நிரல் மூலநிரலில் நேராக இல்லை. கெட்டுப்போன ஃபைலைத் திறந்தால் என்ன ஆகும் என்று பார்க்க வைத்திருக்கும் சோதனை ஃபைல்களின் உள்ளே ஒளிந்திருந்தது. ஒரு கம்ப்ரஷன் புராஜெக்டில் புரியாத பைனரி ஃபைல் கிடப்பதை யார் சந்தேகப்படப் போகிறார்கள்! அதை வெளியே எடுத்து ஒட்டும் ஸ்கிரிப்ட் கிட் களஞ்சியத்தில் இல்லை, பதிப்பாக வெளியிடும் மூலநிரல் கட்டான டார்பாலில் மட்டும் இருந்தது.

வைத்தது ‘ஜியா டான்’ என்ற பெயரில் வந்த யாரோ. இரண்டு ஆண்டுக்கு மேல் ஒழுங்காகப் பங்களித்து, எக்ஸ்இசட்டைத் தனி ஆளாகச் சுமந்துகொண்டிருந்த லாஸ்ஸே காலினின் நம்பிக்கையைப் பெற்று, வெளியீடு செய்யும் உரிமை வரை வந்தவர். வேறு சில பெயர்களில் வந்தவர்கள் ‘சீக்கிரம் இன்னொருவரை நியமியுங்கள்’ என்று காலினை நெருக்கியதும் பதிவில் இருக்கிறது.

நம்பலாமா என்றால், ஃபைல் வடிவத்துக்கு எந்தப் பழுதும் இல்லை. உங்கள் பழைய எக்ஸ்இசட் ஃபைல்களைத் தூக்கி எறியவேண்டாம். காலின் திரும்ப வந்து அந்த நிரலை நீக்கி 5.6.2ஐ வெளியிட்டார். உங்கள் சர்வரில் அந்த இரண்டு பதிப்புகளும் இல்லை என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இத்தனை கோடி இயந்திரங்கள் நம்பியிருக்கும் லைப்ரரியை ஒற்றை ஆள் சம்பளமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

வெப் தளத்துக்கு பிராட்லியா, ஜீஸ்டாண்டர்டா?

மாறாத ஃபைல்களை (ஜாவாஸ்கிரிப்ட், சிஎஸ்எஸ்) பில்ட் செய்யும்போதே பிராட்லி 11இல் சுருக்கி வைத்துவிடுங்கள். மாறிக்கொண்டே இருக்கும் பதில்களுக்கு பிராட்லி 4 அல்லது ஜீஸ்டாண்டர்ட். இரண்டும் தெரியாத பிரவுசருக்கு ஜிஜிப் பின்னால் இருக்கட்டும். பிராட்லியைப் பிரவுசர்கள் பொதுவாக எச்டிடிபிஎஸ் வழியாகவே கேட்கும். ‘சாதாரண எச்டிடிபியில் வரவில்லை’ என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்கள் முதலில் அதைப் பார்க்கவும்.

தமிழ் உரை நன்றாகச் சுருங்குமா? யூனிகோடில் ஒரு எழுத்துக்கே மூன்று பைட் ஆகிறதே?

பயப்படுகிற அளவுக்கு இல்லை. ‘அம்மா’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என்று ஐந்து குறியீடு, ஆக 15 பைட். ஆனால் அந்த ஐந்திலும் முதல் பைட் ஒன்றேதான், 224. இரண்டாவது பைட் 174 அல்லது 175, தமிழ் எழுத்துகள் முழுக்க இந்த இரண்டுக்குள் அடக்கம். உண்மையான செய்தி மூன்றாவது பைட்டில்தான் இருக்கிறது. இப்படி அலுக்காமல் திரும்பத் திரும்ப வருவதைத்தான் கம்ப்ரசர்கள் முதலில் விழுங்கும். எனவே யூனிகோடுக்கு முந்தைய தமிழ்க் குறியாக்கமான டிஸ்கியில் ஒரு எழுத்துக்கு ஒரு பைட் என்றிருந்த உரை யூனிகோடில் வீங்கினாலும், சுருக்கியபின் அந்த வீக்கத்தில் பெரும்பகுதி வடிந்துவிடும்.

முழுவதும் வடியாது. ஹஃப்மன் முறையில் எந்தப் பைட்டுக்கும் ஒரு பிட்டுக்குக் குறைவாகக் கொடுக்கமுடியாது, அதனால் தெரிந்த விஷயமான 224க்கும் ஒரு பிட்டாவது அழவேண்டியிருக்கிறது. எக்ஸ்இசட் முந்தைய பைட்டைப் பார்த்து அடுத்ததை ஊகிக்கும், பிட்டைப் பின்னமாகவும் பங்கிடும். தமிழ்ப் பத்திரிகை ஆவணம், நூல் தொகுப்பு போன்றவற்றை அடுக்கி வைக்க அது நல்ல தேர்வு.

பிராட்லியின் உள்ளேயே ஒரு அகராதி உண்டு. பல ஆயிரம் சொற்கள், 120 கேபி சுமார். ஆங்கிலம், ஸ்பானியம், சீனம், இந்தி, ரஷ்யன், அரபி ஆகியவற்றிலிருந்து எடுத்தது. தமிழ் இல்லை. எச்டிஎம்எல் குறிகளுக்கான பலன் நமக்கும் கிடைக்கும், உரைக்குக் கிடைக்காது.

என்னிடம் இருப்பது சின்னச் சின்ன ஜேசன். ஒவ்வொன்றும் அரை கேபி, ஒரு கேபி. சுருக்கினால் குறையவே மாட்டேன் என்கிறது. ஏன்?

பின்னே பார்த்துக் காப்பியடிக்க எதுவும் இல்லாததால். ஒரு ஜேசனுக்குள் ‘பெயர்’, ‘முகவரி’ என்ற களங்கள் ஒரு தடவைதான் வரும். திரும்ப வருவது அடுத்த ஜேசனில். அதையோ நீங்கள் தனியாகச் சுருக்குகிறீர்கள்.

இதற்காகவே ஜீஸ்டாண்டர்டில் அகராதிப் பயிற்சி இருக்கிறது. சில ஆயிரம் மாதிரிகளைக் கொடுத்து ‘டிரெய்ன்’ என்றால் பொதுவாக வரும் துண்டுகளைப் பொறுக்கி ஒரு அகராதி ஃபைல் தரும். சும்மா விட்டால் 110 கேபி அளவில் நிற்கும். பிறகு ஒவ்வொரு ஜேசனும் அந்த அகராதியைத் தனக்கு முன்னால் வந்த உரையாக வைத்துச் சுருங்கும். அளவு பாதியாவது சாதாரணம். ஒரே ஒரு எச்சரிக்கை: அகராதி தொலைந்தால் டேட்டாவும் தொலைந்தது. அதை உங்கள் நிரலோடு கிட் களஞ்சியத்தில் வையுங்கள், பதிப்பு எண் கொடுங்கள், புதிது வந்தாலும் பழையதை அழிக்காதீர்கள். சுருக்கிய ஒவ்வொன்றிலும் அகராதியின் அடையாள எண் இருக்கும், எதை எதால் திறப்பது என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம்.

ஜேபெக், எம்பி4 ஃபைல்களை ஜிப் போட்டால் குறையுமா?

குறையாது. ஏற்கெனவே சுருங்கியவை. கட்டி வைப்பதற்காக மட்டும் ஜிப் போடுங்கள், சுருக்காமல் அடுக்கும் வழி அதிலேயே உண்டு. என்கிரிப்ட் செய்ததும் இப்படித்தான்: முதலில் சுருக்கி, பிறகு என்கிரிப்ட் செய்யவேண்டும்.

அப்படியானால் எச்டிடிபிஎஸ் பக்கத்தைச் சுருக்கி அனுப்புவதில் ஆபத்து ஒன்றும் இல்லையே?

உண்டு. ரகசியமும், தாக்குகிறவர் கொடுக்கும் உரையும் ஒரே பதிலில் சேர்ந்து சுருங்கினால், அளவு குறைகிறதா என்று பார்த்தே ரகசியத்தை எழுத்தெழுத்தாக ஊகித்துவிடலாம். 2012இல் கிரைம், 2013இல் பிரீச் என்று இரண்டு தாக்குதல்கள் இதைச் செய்து காட்டின. எச்டிடிபிஎஸ்ஸுக்கு அடியில் ஓடும் டிஎல்எஸ் நெறியின் 1.3 பதிப்பில் கம்ப்ரஷனையே எடுத்துவிட்டார்கள். ஆனால் எச்டிடிபி மட்டத்துச் சுருக்கம் தொடர்கிறது. ரகசிய டோக்கன் இருக்கும் பக்கத்தில் பயனர் தந்த உரையை அப்படியே எதிரொலிக்காதீர்கள், அல்லது டோக்கனை ஒவ்வொரு பதிலிலும் மாற்றி முகமூடி போட்டு அனுப்புங்கள்.

பயனர்கள் ஏற்றும் ஜிப் ஃபைலைத் திறக்கும்போது எதைக் கவனிக்கவேண்டும்?

அது எவ்வளவு பெரிதாகும் என்பதை. டிஃபிளேட் அதிகபட்சம் 1032 மடங்கு வரை விரியலாம். ஜிப்புக்குள் ஜிப் வைத்தால் அதுவும் பெருகும்: 42 கேபி ஃபைல் ஒன்று கடைசிவரை பிரித்தால் 4.5 பெட்டாபைட் ஆவது பிரபலம். டேவிட் ஃபிஃபீல்ட் 2019இல் உள்ளுக்குள் வைக்காமலேயே 10 எம்பியை 281 டெராபைட் ஆக்கிக் காட்டினார். தலைப்பில் எழுதியிருக்கும் அளவை நம்பவேண்டாம். விரிந்து வரும் பைட்டை எண்ணிக்கொண்டே வந்து வரம்பு தாண்டியதும் நிறுத்துங்கள்.

அடுத்தது ஃபைல் பெயர். ‘இரண்டு புள்ளி, சாய்கோடு’ போட்டு மேல் கோப்புறைக்கு ஏறும் பெயர்கள் வரும். பைத்தானில் டார் ஃபைல் திறக்கும்போது ‘டேட்டா’ ஃபில்டர் போடுங்கள். 3.14இலிருந்து அதுவே இயல்பு.

லைப்ரரியையும் புதிதாக வைத்திருங்கள். ஜீலிப்பில் சுருக்கும் பக்கமே நினைவகத்தைக் கெடுக்கும் பிழை ஒன்று இருந்தது. 2018இலேயே திருத்தம் எழுதியாயிற்று, ஆனால் வெளியீடு வராமல் கிடந்து, 2022 மார்ச்சில் 1.2.12இல்தான் எல்லோருக்கும் வந்தது.

ஒரே ஃபைலை இரண்டு தடவை ஜிஜிப் செய்தால் செக்சம் (சரிபார்ப்பு எண்) மாறுகிறது. எது தப்பு?

எதுவும் தப்பில்லை. உறையில் நேரமும் பெயரும் எழுதப்படுகின்றன. ‘மைனஸ் என்’ என்ற விருப்பத்தைக் கொடுத்தால் எழுதாது. ஆனால் அதோடு தீராது. வேறு பதிப்பு, வேறு லைப்ரரி என்றால் சுருங்கிய பைட்டுகள் மாறலாம், விரித்தால் வருவது மட்டும்தான் மாறாது என்பது உத்தரவாதம். 2023 ஜனவரியில் கிட்ஹப் இதில் மாட்டியது. கிட்டின் புதிய பதிப்பு ஆர்க்கைவ் செய்ய வெளி ஜிஜிப்பை விட்டு உள்ளேயிருக்கும் ஜீலிப்புக்கு மாறியதால் மூலநிரல் ஃபைல்களின் செக்சம்கள் மாறி, அதை நம்பியிருந்த பில்டுகள் சரசரவென விழுந்தன. மாற்றத்தைத் திரும்பப் பெறவேண்டியதாயிற்று. செக்சம் எடுப்பதானால் விரித்த டேட்டாவுக்கு எடுங்கள், அல்லது சுருக்கிய ஃபைலை நீங்களே ஒரு தடவை செய்து பத்திரமாக வையுங்கள்.

எட்டு கோர் இருக்கிறது, ஜிஜிப் ஒன்றில்தான் ஓடுகிறது.

பிக்ஸ் நிறுவுங்கள், அதுவும் மார்க் ஆட்லர் எழுதியது, வெளிவருவது சாதாரண ஜிஜிப் ஃபைலே. ஜீஸ்டாண்டர்டுக்கு மைனஸ் பெரிய டி (‘த்ரெட்’ என்பதன் முதலெழுத்து), பக்கத்தில் 0.

கம்பெனி வக்கீல் லைசன்ஸ் கேட்கிறார்.

ஜீலிப்பின் லைசன்ஸ், பிராட்லியின் எம்ஐடி, ஸ்னாப்பியின் பிஎஸ்டி எல்லாம் தாராளமானவை. எல்இசட்4இல் லைப்ரரி பிஎஸ்டி, கட்டளைக் கருவி ஜிபிஎல். லைப்ரரியை மட்டும் எடுங்கள். ஜீஸ்டாண்டர்ட் பிஎஸ்டி அல்லது ஜிபிஎல் 2, உங்கள் விருப்பம். அதன் மேல் ஃபேஸ்புக் சேர்த்திருந்த காப்புரிமைக் குறிப்பு 2017இலேயே நீக்கப்பட்டது. பழைய கட்டுரையைப் படித்துவிட்டு வக்கீல் அதைக் கேட்டால் இதைச் சொல்லுங்கள். ஜிஜிப் கட்டளை ஜிபிஎல். உங்கள் நிரலுக்குள் இணைக்க ஜீலிப்தான் வழி.

பேக்கப்பைச் சுருக்கி வைக்கிறோம். பத்து ஆண்டு கழித்துத் திறக்குமா?

கருவி இருக்கும். ஃபைல் நலமாக இருக்குமா என்பதே கேள்வி. ஜிஜிப் ஓடையில் நடுவில் ஒரு பைட் கெட்டால் அதன் பின்னால் இருப்பதை மீட்பது பெரும்பாடு. பிஜிப்2இல் துண்டுகள் தனித்தனி என்பதால் நல்ல துண்டுகளை மீட்க அதனுடனேயே ஒரு கருவி வரும். எதுவானாலும் சுருக்கும் கருவியை நம்பி மீட்பை விடக்கூடாது. பார்2 போன்ற மீட்புத் தரவைப் பக்கத்தில் வையுங்கள், இன்னொரு பிரதியை வேறு இடத்தில் வையுங்கள்.

சுருக்கி முடித்ததும், அசலை அழிக்கும் முன் மைனஸ் சின்ன டி (‘டெஸ்ட்’ என்பதன் முதலெழுத்து) கொடுத்துச் சோதியுங்கள். ஜிஜிப், எக்ஸ்இசட், ஜீஸ்டாண்டர்ட் மூன்றிலும் அதே எழுத்து. டேட்டாபேஸ் டம்பைப் பைப் வழியாக நேராக ஜிஜிப்புக்கு அனுப்புகிறவர்கள் ஷெல்லில் ‘பைப்ஃபெயில்’ போடவும். டம்ப் பாதியில் செத்தாலும் ஜிஜிப் வெற்றி என்றே சொல்லும், மைனஸ் டி சோதனையும் தேறிவிடும், உள்ளே பாதி டேட்டாபேஸ்தான் இருக்கும்.

இன்னொன்று: ஜிஜிப் அசல் அளவை 4 பைட்டில்தான் எழுதுகிறது. 4 ஜிபியைத் தாண்டிய ஃபைலுக்கு, 1.12க்கு முந்தைய ஜிஜிப்பில் மைனஸ் எல் காட்டும் அளவு பொய். அதை வைத்து டிஸ்க் இடம் கணக்குப் போடாதீர்கள்.

நானே ஒன்று எழுதிப் பார்க்க ஆசை. எங்கே தொடங்கலாம்?

சுருக்குவதில் தொடங்காதீர்கள், விரிப்பதில் தொடங்குங்கள். டிஃபிளேட்டை விரிக்கும் நிரலை ஒரு வார இறுதியில் எழுதிவிடலாம். ஆர்எஃப்சி 1951 சின்ன ஆவணம், படிக்கவும் நன்றாக இருக்கும். ஜீலிப் தொகுப்பிலேயே கான்ட்ரிப் கோப்புறையில் ‘பஃப்’ என்று ஒன்று இருக்கிறது. வேகத்துக்காக அல்ல, படித்துப் புரிந்துகொள்வதற்காகவே மார்க் ஆட்லர் எழுதியது. குறிப்புரைகளே பாடம் போல இருக்கும்.

டிஃபிளேட்டில் மூன்று வகைத் துண்டுகள்: சுருக்காமல் வைத்தது, நிலையான ஹஃப்மன் பட்டியல் கொண்டது, தன் பட்டியலைத் தானே சுமந்து வருவது. அதே வரிசையில் எழுதுங்கள். மூன்றாவதில் பட்டியலே இன்னொரு ஹஃப்மன் பட்டியலால் சுருக்கப்பட்டிருக்கும், அங்கே ஒருநாள் போகும். எல்லோரும் தடுக்கி விழும் இடம் பிட் வரிசை. பைட்டுக்குள் பிட்டுகளைக் கீழ்ப்பக்கமிருந்து எடுக்கவேண்டும். எண்கள் அந்த வரிசையிலேயே சேரும், ஆனால் ஹஃப்மன் குறியீடுகள் மட்டும் மேல் பிட் முதலில் வருமாறு அடுக்கப்பட்டிருக்கும். முதல் துண்டு ஒழுங்காக வந்து இரண்டாவது குப்பையாக வந்தால் அநேகமாக அதுதான்.